பேறுகாலம்: தூரம் குறைந்தது, காலம் குறையவில்லை

திருநெல்வேலிச் சீமையில் பிரசவம் என்பதைவிடப் பேறுகாலம் என்பதே வீட்டு வழக்கு. "மகளுக்குப் பேறுகாலம் பார்க்கணும்" என்று ஒரு தாய் சொன்னால், வலி எடுக்கும் அந்த ஓர் இரவை மட்டும் அவர் சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துவரும் நாளிலிருந்து, பச்சை உடம்பு தேறிப் பிள்ளையோடு அவளைப் புகுந்த வீட்டில் கொண்டுவிடும் நாள் வரை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். பிள்ளை பெறுவதற்கும் பெற்றவள் தேறுவதற்கும் காலம் வேண்டும் என்ற அறிவை ஊர்ப்பேச்சு தன் சொல்லிலேயே பொதிந்து வைத்திருக்கிறது.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் மகப்பேறு மருத்துவம் பெண்களுக்கு எவ்வளவு எட்டுகிறது என்று ஆராயும்போது இந்தச் சொல்லையே அளவுகோலாகக் கொள்ளலாம். "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" என்றுதான் நெடுங்காலம் கேட்டுவந்தோம். அதற்குத் தமிழ்நாடு பெருமளவு விடை கண்டுவிட்டது. இனி கேட்க வேண்டியது காலத்தைப் பற்றி. ஆபத்து நேர்ந்தால் உரிய சிகிச்சை அவளுக்கு எத்தனை நிமிடத்தில் கிடைக்கிறது? தன் உடம்பைக் கவனித்துக்கொள்ள அவளுக்கு எத்தனை நாள் கிடைக்கிறது?

எல்லைக்கோட்டின் இரு பக்கம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் எட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை அவை இரு வேறு ஆட்சிகளின் ஊர்கள். தென்காசியும் குற்றாலமும் சென்னையின் கீழ்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது.

இந்த எல்லையின் இரு பக்கத்திலும், தாய்மார் நல வரலாற்றில் ஒவ்வொரு பெண் நிற்கிறார். 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அதற்கு மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 2இல், திருவிதாங்கூரில் பிறந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ். முத்துலட்சுமி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் சட்டமன்றத்துக்குள் சென்று, பெண்ணின் உடல்நலம் சட்டத்தோடும் சமூகத்தோடும் பிணைந்தது என்று வாதாடினார். மேரி லண்டனில் படித்துத் திரும்பி, 1916இல் திருவனந்தபுரம் தைக்காட்டு மகளிர் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஊர் மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்க அவர் வழிசெய்தார். அவர் தலைமை வகித்த மருத்துவத் துறையின் எல்லைக்குள்தான் அன்றைய செங்கோட்டையும் இருந்தது.

அந்த மருத்துவச்சியைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களே ஊரின் பிள்ளைகளை ஏந்தினார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவரை மற்ற நாட்களில் வாசலுக்கு வெளியே நிறுத்திய சாதி வழக்கமும் அதே ஊரில்தான் இருந்தது. அவர் கையில் அனுபவம் இருந்தது. நிற்காத உதிரப்போக்கை நிறுத்தும் ஊசியும், ஏற்றுவதற்கு ரத்தமும், கத்தி எடுக்க வேண்டிய நேரத்தில் மருத்துவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிராமப்புற மகப்பேறு மருத்துவத்தின் பிற்கால வரலாறு இந்த மூன்றையும் ஊருக்கு அருகே கொண்டுவந்த வரலாறுதான்.

எண்களை இருமுறை படிக்க வேண்டும்

உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதே மகப்பேறு இறப்பு விகிதம். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி 2001-03இல் இந்தியாவில் அது 301, தமிழ்நாட்டில் 134. 2007-09இல் இந்தியா 212, தமிழ்நாடு 97. 2018-20இல் இந்தியா 97, தமிழ்நாடு 54.

இந்த இறக்கத்துக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, இன்று முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். 1994இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை வைத்து இரவும் பகலும் பேறுகாலம் பார்த்தார்கள். 2004 முதல், அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் உருவாயின. மகப்பேற்றில் நேரும் ஒவ்வொரு இறப்பையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணையும் அதே ஆண்டில் வந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பேறுகாலங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்திருந்தன. மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். உலகில் பல நாடுகள் எண்ணிப் பார்க்க முடியாத சாதனை இது.

இனி அதே எண்களை மறுபடி படிப்போம். 2014-16இல் 66ஆக இருந்த தமிழ்நாட்டு விகிதம் 2018-20இல் 54க்குத்தான் வந்தது. ஏறத்தாழ எல்லோரும் மருத்துவமனைக்கு வந்துவிட்ட காலத்தில் இந்த மெதுவான இறக்கம். அண்மையில் அது நாற்பதுக்குக் கீழே போயிருப்பதாக மாநில அரசு சொல்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் புளியரைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2018-20லேயே அது 19. மலை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். அந்தத் தேசிய ஆய்வு 2017ஆம் ஆண்டின் மாவட்ட எல்லைகளைக் கொண்டு நடந்ததால், தென்காசியின் கணக்கு திருநெல்வேலியின் சராசரிக்குள் கரைந்துவிட்டது. பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரிக்கு அடுத்த தெருவில் இருப்பவளும், வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடியில் வாழும் பளியர் பெண்ணும் ஒரே எண்ணுக்குள் நிற்கிறார்கள்.

தாமதம் இடம் மாறிவிட்டது

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முப்பது ஆண்டுகளாக உலகம் பயன்படுத்தும் இந்தச் சட்டகத்தைத் தென்காசி மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதல் தாமதம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இன்று அநேகமாக எந்த மாமியாரும் "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர்களின் நடைக்குக் கிடைத்த வெற்றி இது. ஊரில் 'நர்சம்மா' என்று அழைக்கப்படும் அவர்கள், சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில், மாநிலம் முழுவதும் 8,700க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறார்கள். இரண்டாம் தாமதத்தை 108 வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலச் சாலையைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் என்ன என்று புரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வரும் வண்டிகள் நிறைந்த அதே சாலைகளில்தான் வலி எடுத்தவளும் போயாக வேண்டும்.

மூன்றாம் தாமதம்தான் இன்றைய உண்மையான சிக்கல். முன்பு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கிடந்த தாமதம், இன்று ஓர் ஆஸ்பத்திரிக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வட்ட மருத்துவமனை. அங்கே மயக்க மருந்து மருத்துவர் இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை. அங்கும் கைமீறினால் பாளையங்கோட்டையில், சனங்கள் 'ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி' என்று சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தென்காசியிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் தென்காசிக்கு ஒன்று வாய்க்கவில்லை.

இதில் காலக்கணக்கு இரக்கமற்றது. மெய்ன் முன்வைத்த மதிப்பீட்டின்படி, சிகிச்சை கிடைக்காவிட்டால் பிள்ளை பிறந்தபின் வரும் பெரும் உதிரப்போக்கு சராசரியாக இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். பேறுகால வலிப்புக்கு இரண்டு நாள், தொற்றுக்கு ஆறு நாள் அவகாசம் உண்டு. உதிரப்போக்குக்கு மட்டும் இரண்டே மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, வண்டிக்குச் சொல்லி, ஏற்றி, ஐம்பது கிலோமீட்டர் கடந்து, அங்கே ரத்தம் பொருத்திப் பார்த்து ஏற்றியாக வேண்டும்.

இதற்கு வழி பெரிய கட்டடங்களில் மட்டும் இல்லை என்பதை அண்மைய ஆய்வு ஒன்று காட்டியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வில், வெளியேறும் ரத்தத்தைக் கண்மதிப்பாகப் பார்க்காமல் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்து அளந்தார்கள். அளவு மீறியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்கவைக்கும் ஊசி, ரத்தம் உறையும் மருந்து, சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. ஒரு செவிலியரும் ஒரு விரிப்பும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த காலம் அது.

கருவிக்கு அப்பால் மனநிலையும் இருக்கிறது. ஒரு தாய் இறந்தால் விசாரணை வரும், உறவினர் கூடுவார்கள், கடைசியாகத் தொட்டவர் மீது பழி விழும். இந்த அச்சம் இருக்கும் வரை, சிறிய மருத்துவமனையில் இருப்பவருக்கு "நெல்லைக்குக் கொண்டுபோங்க" என்று எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பாகத் தோன்றும். பிரிட்டன் 1952 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் பெயர் வெளியிடாமல், தண்டிக்கும் நோக்கம் இல்லாமல் ஆராய்ந்துவருகிறது. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004இல் அதே முறையைத் தொடங்கியது. யார் தவறு என்று தேடாமல் எந்த இடத்தில் நேரம் போயிற்று என்று தேடும் பழக்கம் அங்கே வேரூன்றியது. கேரளத்தின் 19க்கும் தமிழ்நாட்டின் 54க்கும் நடுவிலான இடைவெளியில் இந்தப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மடியில் பீடித்தட்டு

ஆபத்து வந்தபின் கிடைக்கும் நிமிடங்களைப் பார்த்தோம். ஆபத்து வராமல் காக்கும் மாதங்கள் எப்படிப் போகின்றன?

பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் மத்தியான நேரத்தில் நடந்துபோனால், திண்ணைகளில் மடியில் தட்டு வைத்துப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கட்டுப்போட்டு, பீடிக்கடையில் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. நின்றால் கூலி நிற்கும். புகையிலையின் நிக்கோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தூளின் நெடி மூச்சு வழியாக ஏறும். வயிற்றில் பிள்ளையோடு மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து சுற்றும் பெண்ணுக்கு இந்த வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழிற்சாலை வேலை.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. அதை எதிர்த்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தை உறுதி செய்தது. 2017 முதல் 26 வார ஊதியப் பேறுகால விடுப்பும் சட்டத்தில் உண்டு. காகிதத்தில் வழி இருக்கிறது. திண்ணையில் சுற்றுபவளுக்கோ ஏட்டில் பெயர் ஒருத்தியுடையதும் உழைப்பு மூவருடையதுமாக இருப்பதுண்டு. முதலாளி யார் என்பதே பீடிக்கடைக்கு அப்பால் தெரிவதில்லை. பீடி மீதான தனி வரியில்தான் இந்தத் தொழிலாளர் நலத்திட்டங்கள் நடந்துவந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரியும் நீங்கியது.

இனி ரத்தத்தைப் பற்றி. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதாவது ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே. ஏற்கெனவே குறைந்த ரத்தத்தோடு பேறுகாலத்துக்கு வருபவளுக்கு முன்பு சொன்ன இரண்டு மணி நேரம் இன்னும் சுருங்கிவிடும். பாளையங்கோட்டைக்குப் போகும் வழியில் நேரும் மரணத்தின் தொடக்கம் ஐந்து மாதம் முன்னால், சாப்பிடாமல் விட்ட இரும்புச்சத்து மாத்திரையில் இருக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டால்தான் பரிசோதனைக்குப் போக முடியும் என்பதால் தள்ளிப்போட்ட ஒரு செவ்வாய்க்கிழமையிலும் இருக்கலாம்.

குறைவாகக் கிடைக்கும் மருத்துவத்தோடு அளவு மீறிய மருத்துவமும் சேர்ந்தே இருக்கிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. சிசேரியன் பல தாய்மாரைக் காப்பாற்றும் சிகிச்சைதான். ஆனால் ஒருமுறை அறுத்த கர்ப்பப்பையில் அடுத்த பேற்றின் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். அப்படிப்பட்டவளுக்குச் சிறிய மருத்துவமனை போதாது. இன்று தேவையின்றிச் செய்யும் ஓர் அறுவை, நாளை அதே பெண்ணைப் பாளையங்கோட்டைச் சாலையில் ஏற்றிவிடக்கூடும்.

தாய்வீட்டு வழி

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அதன் அன்பு புரிகிறது; அதன் மருத்துவ விளைவை யாரும் எண்ணுவதில்லை. ஏழு மாதம் புகுந்த வீட்டு ஊரில் ஒரு நர்சம்மா அவளைப் பார்க்கிறார். அவளுக்கு அழுத்தம் ஏறுவது, கால் வீங்குவது, அக்காவுக்கு நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். வளைகாப்பு முடிந்ததும் அவள் வேறு ஊருக்கு, வேறு வட்டாரத்துக்கு, சில வேளை மலை தாண்டிப் புனலூருக்கோ கொல்லத்துக்கோ போய்விடுகிறாள். ஆபத்து கூடும் கடைசி இரண்டு மாதத்தில் அவளை அறிந்த கண் அவளோடு இல்லை.

இந்த அறுபட்ட நூலை இணைக்கத்தான் பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணும் 'பிக்மி' கணினிப் பதிவும் வந்தன. எண் அவளோடு பயணம் போகும். அக்கறையும் போக வேண்டுமானால், பழைய செவிலியர் புதிய செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து "இவளை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். வளைகாப்புப் பத்திரிகையை உறவினருக்கு நீட்டும் வீடு, தாய்வீட்டு ஊர் நர்சம்மாவுக்கும் ஒன்று கொடுத்தால் அந்த வழக்கம் இன்னும் அர்த்தம் பெறும்.

அறுபடும் நூல் இன்னொன்றும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை முதல் இரண்டு பேறுகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாம், நான்காம் பேற்றுக்கு வருபவள் பெரும்பாலும் வயது கூடியவள், ரத்தம் குறைந்தவள், வீட்டில் குரல் குறைந்தவள். உதிரப்போக்கு ஆபத்தும் அவளுக்கே அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்காததற்கான தண்டனையை அவள் உயிரிடம் வசூலிக்கக் கூடாது.

நாற்பது நாள்

பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் நேரும் இறப்பையும் உலக சுகாதார நிறுவனம் மகப்பேறு இறப்பாகவே கணக்கிடுகிறது. நம் வீடுகளின் நாற்பது நாள் கணக்கு அதற்கு மிக அருகில் நிற்கிறது. பாட்டிமாரின் அனுபவமும் மருத்துவ அறிவியலும் ஒரே கால எல்லையைத் தொட்டிருக்கின்றன. ஆனால் இன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததுமே கூட்டம் பிள்ளையைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. பெற்றவளின் காய்ச்சல், கால்வலி, தலைவலி, காரணமில்லாத அழுகை எல்லாம் "பச்சை உடம்பு அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்துக்குள் போய்விடுகின்றன. தொற்றும், ரத்த உறைவும், பேறுகாலத்துக்குப் பின்வரும் மனச்சோர்வும் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன.

இங்கே இலங்கையிடம் நாம் கற்கலாம். 1930களில் அங்கே மகப்பேறு இறப்பு லட்சத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு மருத்துவமாது என்ற ஏற்பாட்டை நாடெங்கும் விரித்தது. கர்ப்பம் தரித்தது முதல் பிள்ளை பிறந்தபின் வரை அதே மருத்துவமாது அதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அந்த நாடு பணக்கார நாடாவதற்கு முன்பே தன் தாய்மாரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதற்கு அந்த நடை ஒரு முக்கியக் காரணம். நம்மிடமும் அதே நடை உண்டு. ஆனால் நர்சம்மாவின் கையில் இன்று பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் பெருகியிருக்கின்றன. அவருடைய நேரம் எவ்வளவு தாய்க்குப் போகிறது, எவ்வளவு தரவுக்குப் போகிறது என்று கணக்கெடுத்தாலே ஒரு சீர்திருத்தம் தொடங்கிவிடும்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

தென்காசிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வர வேண்டும். அதில் ஐயமில்லை. அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை பல உண்டு. ஒவ்வொரு பேறுகால அறையிலும் ரத்தம் அளக்கும் விரிப்பு வைக்கலாம். மலையடிக் குடியிருப்புப் பெண்கள் நாள் நெருங்கும் முன்பே வந்து தங்க, மற்ற மலைப்பகுதிகளில் இருப்பதுபோலக் காத்திருப்பு அறைகள் அமைக்கலாம். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது, சேரும் இடத்தில் யார் காத்திருக்கிறார் என்ற பெயரையும் சீட்டில் எழுதலாம். பீடி சுற்றுபவளுக்குப் பரிசோதனை நாளின் கூலியை ஈடுகட்டலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. சாலை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். நம் ஊரில் இப்போது எத்தனை பேர் பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள்? எத்தனை பேருக்கு ரத்தம் பதினொன்றுக்குக் கீழே? இரவு இரண்டு மணிக்கு உதிரம் போனால் எந்த ஆஸ்பத்திரியில் அந்நேரம் மருத்துவரும் ரத்தமும் இருக்கும்? பிள்ளை பெற்று வந்தவளை நாற்பது நாளில் எத்தனை முறை யார் போய்ப் பார்த்தார்கள்? பெயர் சொல்ல வேண்டியதில்லை, எண்கள் போதும்.

இந்தக் கேள்விகளுக்கு ஊர் விடை வைத்திருந்தால், திண்ணையில் இருப்பவள் சில மாதங்களுக்குத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைக்கலாம். பேறுகாலம் என்ற சொல்லில் முன்னோர் அவளுக்காக எழுதிவைத்த காலம் அப்போதுதான் அவள் கைக்கு வந்து சேரும்.